ஸ்ப்ரே கன் வாங்குமுன் காற்றின் கணக்கைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலைப் போட்டு, ஓரிரு ஓடாவிமாரை வைத்து அலுமாரி, கட்டில், கதவு என்று செய்து விற்பவர்கள் எமது ஊர்களில் பலர் இருக்கின்றனர். புடைவைக் கடையோடு பக்கத் தொழிலாக நானும் இதைச் செய்து வருகிறேன். மரம் வாங்குவதில் நான் பெரிதாக ஏமாந்ததில்லை. ஏமாந்தது லெக்கர் அடிக்கும் இயந்திரம் வாங்கப் போன இடத்தில்தான்.

2016ஆம் ஆண்டு ஒரு கல்யாண வீட்டுக்கு மூன்று கதவு அலுமாரியும் கட்டிலும் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷினால் அடித்தால் கோடு தெரியும் என்று, 1 குதிரை வலு மோட்டாரும் 24 லீற்றர் டேங்க்கும் கொண்ட கொம்ப்ரசர் ஒன்றையும் பளபளப்பான ஒரு கன்னையும் வாங்கினேன். "120 பீ.எஸ்.ஐ. வரைக்கும் ஏறும்" என்றார் கடைக்காரர். அது போதும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

முதல் கதவின் மேல் பாதி கண்ணாடி போல வந்தது. கீழ்ப் பாதிக்கு வரும்போது கன் துப்பத் தொடங்கியது. "நானா, காத்துப் பத்தல்ல. டேங்க் காலியாகிட்டு" என்றார் எனது ஓடாவி. நின்று நின்று அடித்ததில் கதவு முழுவதும் தோடம்பழத் தோல் போலாகிவிட்டது. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து மீண்டும் அடித்தோம். நான்கு நாட்கள் தாமதம். விலையிலும் குறைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஓடரில் எனக்கு இலாபம் எதுவும் மிஞ்சவில்லை.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. நான்தான் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பீ.எஸ்.ஐ. என்பது அழுத்தம். கன்னுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது தொடர்ந்து வரும் காற்றின் அளவு. அதனை நிமிடத்துக்கு இத்தனை கன அடி, அதாவது சீ.எஃப்.எம். என்று குறிப்பிடுவர். கிணற்று மோட்டார் தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்பது ஒன்று, மணிக்கு எத்தனை லீற்றர் தரும் என்பது வேறொன்று அல்லவா? இதுவும் அப்படித்தான். 1 குதிரை வலு கொம்ப்ரசர் உண்மையில் தருவது சுமார் 3 முதல் 4 சீ.எஃப்.எம். மட்டுமே. எனது கன்னின் பெட்டியிலோ சிறிய எழுத்தில் 12 என்று போட்டிருந்தது. டேங்க்கில் சேர்ந்திருந்த காற்று தீரும் வரைதான் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு.

ஆகவே முதலில் கன்னைத் தெரிவு செய்து, அது கேட்கும் சீ.எஃப்.எம். அளவைப் பார்த்து, அதைவிட நான்கில் ஒரு பங்காவது கூடுதலாகத் தரும் கொம்ப்ரசரை வாங்குங்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சில லேபல்களில் எழுதப்பட்டிருப்பது மோட்டார் உள்ளே இழுக்கும் காற்றின் அளவு. வெளியே கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்களவில் நின்றுவிடலாம். "வெளியே வரும் காற்று எவ்வளவு?" என்றே கேளுங்கள். பழைய சோனகத் தெருவில் நான்கு கடைகள் ஏறி இறங்கினால், பதில் சொல்லத் தெரிந்த ஒருவராவது இருப்பார்.

இனி கன் வகைகள். கீழே கப் தொங்கும் பழைய வகை மலிவானது. ஆனால் அடிக்கும் லெக்கரில் பெரும் பகுதி புகையாகப் பறந்துவிடும். மரத்தில் ஒட்டுவது பத்து லீற்றரில் மூன்று, நான்கு லீற்றர் என்றே வைத்துக்கொள்ளலாம். எச்.வி.எல்.பி. எனும் வகையில் காற்று அதிகம், அழுத்தம் குறைவு. கன்னின் வாயில் 10 பீ.எஸ்.ஐ.க்கு மேற்படாது. ஒழுங்காக அடித்தால் பத்தில் ஆறரை லீற்றர் வரை மரத்தில் நிற்கும். லெக்கரும் தின்னரும் விற்கும் விலையில் இந்த வித்தியாசமே சில மாதங்களில் கன்னின் விலையை மீட்டுத் தந்துவிடும். ஆனால் இந்த வகை காற்றை அதிகம் குடிக்கும். 3 குதிரை வலுவும் பெரிய டேங்க்கும் வேண்டும். வீட்டு மின் இணைப்பு அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவழி எல்.வி.எல்.பி. கன். நான்கைந்து சீ.எஃப்.எம். காற்றில் இயங்கக்கூடியவை இதில் கிடைக்கின்றன. வேலை சற்று மெதுவாகத்தான் நடக்கும். மாதத்துக்கு மூன்று நான்கு உருப்படி செய்பவருக்கு அது ஒரு குறையல்ல. சுவருக்கு அடிக்கும் ஏர்லெஸ் இயந்திரம் எமக்கு வேண்டாம். அதன் அழுத்தம் ஆயிரக்கணக்கான பீ.எஸ்.ஐ. விரல் முன்னால் போனால் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

கையில் பிடிக்கும் சிறிய மின் ஸ்ப்ரேயரைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். தண்ணீரில் கரையும் பெயின்ட்டை வேலிக்கோ கதவுக்கோ அடிக்க அது போதும். என்.சி. லெக்கருக்கு அதை எடுக்காதீர்கள். நொசில் பெரிது, மென்மையாக வராது. அதைவிட, மோட்டாரே கையில் இருக்கையில் தின்னர் ஆவி தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. இலகுவில் தீப்பற்றும் திரவங்களைப் பாவிக்க வேண்டாம் என்று அவற்றின் கையேடுகளிலேயே எழுதியிருப்பார்கள். நாம்தான் கையேட்டைப் பெட்டியோடு வீசிவிடுகிறோம்.

நொசில் அளவு லெக்கருக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீற்றர், தடித்த சீலருக்கு 1.7 அல்லது 1.8. இரண்டையும் ஒரே நொசிலால் அடிக்கப் போய்த் தின்னரைக் கூட்டிக்கொண்டே போவதுதான் நம்மவர் வழக்கம். அப்படிக் கூட்டினால் படை மெலியும், நின்ற வாக்கில் அடித்தால் வழியும்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரக் காற்றில் அடித்தால் லெக்கர் வெள்ளை பூத்துவிடும். டேங்க்கின் அடியில் தேங்கும் தண்ணீரை நாளாந்தம் திறந்துவிடுங்கள். ஹோஸ் பாதையில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பூட்டுங்கள், அது பெரிய செலவல்ல. ஆனால் வானமே ஈரமாக இருந்தால் எந்த வடிகட்டியும் உதவாது. அன்றைக்குச் சேண்ட் பேப்பர் வேலையைச் செய்யுங்கள்.

இரண்டு டின்களைக் கலந்து அடிக்கும் பீ.யூ. பளபளப்பு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செய்யும் வேலையல்ல. அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அப்படிப்பட்ட ஓடர் வந்தால் வசதியுள்ள பட்டறைக்குக் கொடுத்து அடித்தெடுக்கிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது 2 குதிரை வலுக் கொம்ப்ரசரும், 4 சீ.எஃப்.எம். கேட்கும் ஓர் எல்.வி.எல்.பி. கன்னும்தான். வாங்குமுன் ஒரு பலகைத் துண்டையும் கொஞ்சம் லெக்கரையும் கடைக்கே கொண்டுபோய், ஐந்து நிமிடம் நிறுத்தாமல் அடித்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் அடித்துக் காட்டினார். பழைய 1 குதிரை வலு மெஷின் கொட்டிலின் மூலையில் கிடக்கிறது. மரத்தூள் ஊதவும், பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்கவும் அது போதும்.