கொரோனாக் கோடையில் காலாற ஒரு நடை

அக்கினி நட்சத்திரம் பிறந்த மறுநாள், 2021 மே 5ஆம் தேதி, ஆந்திர மாநிலம் முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. காலை 6 மணிக்குக் கடை திறக்கலாம். பகல் 12 மணிக்கு மூடிவிட வேண்டும். அதன் பிறகு மறுநாள் காலை வரை காரியமில்லாமல் யாரும் தெருவில் தலை காட்டக் கூடாது. காலை வேளையிலும் ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடத் தடை.

நோய்க்கு அஞ்சியவர்களுக்கும் வெயிலுக்கு அஞ்சியவர்களுக்கும் மிச்சமிருந்தது அந்தக் காலை நேரம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கிளம்பியவர்களில் ஸ்ரீ சிட்டி வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு.

தடாவுக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, 2008இல் உருவான தொழில் நகரம் ஸ்ரீ சிட்டி. செல்பேசி முதல் மோட்டார் வண்டி வரை அங்கே தயாராகின்றன. வேலைக்கு வந்த நம்மவர்கள் பலர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஓர் அறையில் ஐந்து பேர், ஆறு பேர் என்பது சகஜம். ஷிப்டு முறையில் ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்பார். ஜன்னல் ஒன்று இருக்கும். கொசுவுக்குப் பயந்து அதையும் சாத்தி வைத்திருப்பார்கள்.

அப்படி ஓர் அறையிலிருந்து விடியற்காலையில் இறங்கி வந்த இளைஞரைக் கீழ்வீட்டுப் பெரியவர் மறித்தார்.

"ஏன் தம்பி, ஊரெல்லாம் நோயாக் கிடக்குது. இந்த நேரத்திலே வெளியே சுத்தலாமா?"

"வெளியே காத்து இருக்குதுங்க ஐயா. உள்ளேதான் ஆறு பேரு மூச்சு இருக்குது."

படிப்பாளிகள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயத்தை அந்த இளைஞர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கதவை அடைத்தால் போதுமா?

2020 மார்ச்சில் நோய் வந்தபோது எல்லோருக்கும் தெரிந்த ஒரே வழி கதவைச் சாத்திக்கொள்வதுதான். மார்ச் 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு. 25ஆம் தேதி முதல் நாடு முழுவதும் அடைப்பு. பயணிகள் ரயில்கள் நின்றன. சூலூர்ப்பேட்டை, கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் தினமும் வந்து போனவர்கள் எங்கே இருந்தார்களோ அங்கேயே தங்க நேர்ந்தது.

மற்ற நாடுகளிலும் ஒரே மாதிரி விதி இல்லை. பிரிட்டனில் நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சிக்காக வெளியே போகலாம் என்று அனுமதித்தார்கள். ஸ்பெயின் நாட்டிலோ பெரியவர்கள் உலாவப் போவதற்கு மே 2ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாளாக ஆக விஷயம் தெளிந்தது. தும்மலும் இருமலும் மட்டும் நோயைப் பரப்பவில்லை. பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. மத்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே 20ஆம் தேதி வெளியிட்ட குறிப்பில், இந்த நுண்துளிகள் 10 மீட்டர் தூரம் வரைகூடப் போகலாம் என்று எச்சரித்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்று வந்து போகட்டும் என்பதே அதன் முக்கிய யோசனை. திறந்த வெளியில் அபாயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அடைந்த அறையோடு ஒப்பிட்டால் வெகு குறைவு.

மாடி வீட்டுக்காரருக்கு வீட்டோடு மொட்டை மாடி இருந்தது. அறைவாசிக்குத் தெருதான் மாடி. "வீட்டிலேயே இருங்கள்" என்ற அறிவுரை இருவருக்கும் ஒன்றுதான். வீடு மட்டும் ஒன்றல்ல.

மதனப்பள்ளி கற்ற பாடம்

காற்றோட்டத்தின் அருமை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்று ஓர் இடம் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் பிரிமோட் மொல்லர் முயற்சியில் 1912இல் காசநோய் மருத்துவமனையாகத் தோன்றிய நிலையம் அங்கே இருக்கிறது. சித்தூர் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது.

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. ஸ்டிரெப்டோமைசின் கண்டறியப்பட்டதே 1943இல்தான். அதுவரை இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் நம்பியிருந்தவை நல்ல காற்று, ஓய்வு, சத்தான ஆகாரம், உடம்பு தேறத் தேறக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் நடை ஆகியவையே.

பின்னால் மருந்து வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே ஏறக்குறைய அதே அளவு குணம் பெறலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. ஆகவே காற்றும் நடையும் நோயைத் தீர்க்கும் மருந்து என்று சொல்லிவிடக் கூடாது. அவை உடம்புக்குத் துணை. கொரோனாவுக்கும் இது பொருந்தும்: நடந்தவருக்கு நோய் வராது என்பதல்ல, தடுப்பூசிக்குப் பதிலாக நடை என்பதும் அல்ல.

ஏழுமலைப் படிகள்

இந்தப் பக்கத்தில் நடை என்றதும் திருமலைதான் நினைவுக்கு வரும். அலிபிரியிலிருந்து ஏறும் பாதையில் 3,550 படிகள். தூரம் சுமார் 9 கிலோமீட்டர். சந்திரகிரிப் பக்கம், சீனிவாச மங்காபுரம் வழியாகப் போனால் ஸ்ரீவாரி மெட்டு. அங்கே 2,388 படிகள், 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1944இல் மலைப்பாதைச் சாலை திறக்கும் வரை எல்லோரும் படியேறியோ டோலியிலோதான் போனார்கள்.

2020 மார்ச் 20ஆம் தேதி திருமலையில் பக்தர்களின் தரிசனம் நின்றது. ஜூன் 11ஆம் தேதிதான் பொதுமக்கள் மறுபடியும் அனுமதிக்கப்பட்டார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அப்போதும் அனுமதி இல்லை. 2021 ஜூன் 1 முதல் கூரை வேலைக்காக அலிபிரிப் பாதை மூடப்பட்டது. புதிய கூரை அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. அடுத்த மாதமே பெருமழை ஸ்ரீவாரி மெட்டைச் சேதப்படுத்தியது. அது திறக்க 2022 மே மாதம் ஆயிற்று.

ஆண்டுதோறும் வேண்டுதல் வைத்துப் படியேறி வந்தவர்களுக்கு இது பெரிய குறை. கால் இருந்தும் பாதை இல்லை. பாதை திறந்தபோது, முன்பு மூச்சு வாங்காமல் ஏறியவர்களில் பலர் முழங்கால் முறிச்சான் மேட்டில் பலமுறை உட்கார்ந்து எழுந்தார்கள். நோய் கண்டு பிழைத்தவர்களுக்கு அந்தப் படிகளே பரீட்சை.

வெயிலில் நடப்போர் கவனத்துக்கு

நோய்ப் பயம் தணிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அவசர நிலையை விலக்கிக்கொண்டது. ஆனால் வெயில் ஆண்டுதோறும் வருகிறது. திருப்பதியில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது புதுமையல்ல. ஆகவே சில விஷயங்களை மனத்தில் வைப்பது நல்லது.

விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். மாலையில் தரைச் சூடு தணிந்த பிறகே நடக்கலாம். கிளம்புமுன் ஒரு செம்புத் தண்ணீர். திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ. டீ அதற்கு ஈடாகாது. தலைக்குத் துண்டு, உடம்புக்குப் பருத்தித் துணி. முகக்கவசம் வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும். நனைந்த துணி வழியே மூச்சு விடுவது சிரமம்.

இரவு ஷிப்டு முடித்தவர்கள் பட்டினியாக நடக்க வேண்டாம். காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் முதல் வாரத்திலேயே பழைய வேகத்துக்குப் போகக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ அங்கேயே நின்று, டாக்டரைப் பார்க்க வேண்டும். உடன் வருபவர் தலைசுற்றி, பேச்சுக் குழறி, உடம்பு அனலாகக் கொதித்தால் நிழலில் கிடத்தி, தண்ணீரால் உடம்பைத் துடைத்து, 108க்குச் சொல்லுங்கள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். காற்றின் அருமை அடைந்த அறையில் தெரிந்தது. ஊரடங்கு போய்விட்டது, ஆனால் ஆறு பேர் படுக்கும் அறைகள் அப்படியேதான் இருக்கின்றன. வாடகை பேசும்போது தண்ணீரும் மின்சாரமும் விசாரிப்பவர்கள், எதிரெதிரே இரண்டு ஜன்னல் உண்டா என்றும் கேட்கட்டும். கிடைக்காவிட்டால், விடியற்காலை நடையையாவது விடாமல் இருக்கட்டும். அதற்கு வாடகை கிடையாது.