வண்டிதான் வீடு! கட்டுமாவடி முதல் மீமிசல் வரை ஜோடியாக ஒரு கடலோரப் பயணம் – ராத்திரி எங்கே நிறுத்துவது?

2024-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி. கேரள மாநிலம் வடகரை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கேரவன் வண்டி நெடுநேரமாக நின்று கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். "யாரோ டூரிஸ்ட், தூங்குறாங்க போல" என்று நினைத்துப் போய் விட்டார்கள்.

சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். உள்ளே இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள்!

கத்திக்குத்து இல்லை. விஷம் இல்லை. வண்டிக்குள் ஏ.சி. ஓடுவதற்காக ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அதில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உள்ளே புகுந்து ஆளைக் கொன்று விட்டது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதனை செய்து பார்த்து இதை உறுதி செய்தார்கள்.

செத்தவர்கள் இருவரும் வண்டியில் வேலை பார்த்தவர்கள். வண்டியை அறிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஆசைக்கு ஒருநாள் வண்டியில் படுக்கப் போகிறவர்கள் கதி என்ன?

புது மோகம்

வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றும் மோகம் இப்போது பரவி வருகிறது. திருச்சூரைச் சேர்ந்த ஒரு இளம் ஜோடி 2020-ல் வேலையை விட்டுவிட்டு, சொந்தக் காரிலேயே படுக்கை, சமையல் என்று இந்தியாவைச் சுற்றக் கிளம்பியது.

ஜெர்மனிக்காரர் கன்தர் ஹோல்டார்ப் என்பவர் இவர்களுக்கெல்லாம் பெரியண்ணன். 1988-ல் ஒரு பென்ஸ் ஜீப்பில் கிளம்பினார். 'ஓட்டோ' என்று அதற்குப் பெயரும் வைத்தார். வாழ்க்கைத் துணையாகச் சேர்ந்த கிறிஸ்டினும் அவரும் வண்டிக்குள்ளேயே படுத்து, வண்டி ஓரத்திலேயே சமைத்து, உலகத்தைச் சுற்றினார்கள். 2010-ல் கிறிஸ்டின் காலமானார். ஆனாலும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. 2014-ல் முடித்தபோது ஓட்டோ ஓடியிருந்த தூரம் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ மீட்டர்!

அவ்வளவு தூரம் நமக்கு எதற்கு? புதுக்கோட்டையில் இருந்து ஒரு ராத்திரி, இரண்டு பகல் போதும்.

சமஸ்தானத்துக்குக் கிடைக்காத கடல்

புதுக்கோட்டை என்றால் மலையும் குளமும் செம்மண்ணும்தான் பலருக்கு ஞாபகம் வரும். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சை மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பகுதியும் வந்து சேர்ந்தது. அதோடு கடலும் வந்தது. பொங்கல் பரிசு!

சுமார் 40 கிலோ மீட்டர் கடற்கரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்சும் காரும் ஒரு மணி நேரத்தில் தாண்டிப் போய் விடுகின்றன. யாரும் நிற்பதில்லை.

ஒரு ஜோடி நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கணவர் போன மாதம் ரிட்டயர் ஆன குமாஸ்தா. வீட்டில் ஒரு பழைய ஆம்னி வேன் (அந்த வண்டி தயாரிப்பே 2019-ல் நின்று போனது).

"ஏங்க, கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு. நான் கடலை ரெண்டு தடவை பார்த்திருப்பேனா?" என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்வி. கிளம்பி விட்டார்கள்.

சீட்டைக் கழற்றாதே!

"பின் சீட்டைக் கழற்றிட்டு மெத்தையைப் போட்டுருவோம்" என்று கணவர் ஸ்பானரைத் தூக்குகிறார். நிறுத்துங்கள் சார்!

ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்க மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இடம் தரவில்லை. மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு, முறைப்படி அனுமதி வாங்கிச் செய்தால் வம்பில்லை. ஒரு ராத்திரிக்கு அதுகூட வேண்டாம். சீட்டை மடக்கி, மேலே பலகை, பலகை மேலே மெத்தை. முடிந்தது.

வழியில் என்ன?

புதுக்கோட்டை, அறந்தாங்கி, கட்டுமாவடி. அங்கேதான் கடல் முகம் காட்டுகிறது. வடக்கே போனால் தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினத்தில் மனோரா கோபுரம் இருக்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டியது. நமக்கு வழி தெற்கே.

அடுத்தது மணமேல்குடி. பாண்டிய மன்னனின் மந்திரியாக இருந்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது.

இங்கே மெரினா மாதிரி அலை அடிக்கும் என்று போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது பாக் ஜலசந்திக் கடல். ஆழம் குறைவு. பல நாளில் குளம் மாதிரி கிடக்கும். அடியில் கடல் புல் வளர்ந்திருக்கிறது. அதை மேய்கிற ஆவுளியா என்ற கடல் பசுவைக் காப்பாற்ற, 2022-ல் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கிலோ மீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல் பசுவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் அதுதான்.

பிறகு கோட்டைப்பட்டினம். ராவுத்தர் அப்பா தர்கா இங்கேதான். அடுத்தது ஜெகதாப்பட்டினம். இந்த இரண்டும்தான் மாவட்டத்தின் விசைப்படகுத் துறைகள். படகு கரை சேரும் நேரத்தில் போனால் நண்டு, இறால், கணவாய் என்று ஏலம் களை கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்தில் இருந்து போன படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியது. ஒரு மீனவர் உயிரோடு திரும்பவில்லை. கரையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க நிற்பவர்கள் இல்லை. முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் பிடிக்காமல் இருந்தால் புண்ணியம். கருவாடு காயும் மணலில் வண்டியை ஏற்றாமல் இருந்தால் இன்னும் புண்ணியம்.

கடைசியில் மீமிசல். அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஆவுடையார்கோவில். அங்கே சிவலிங்கத்துக்கு ஆவுடையார் மட்டும்தான்; மேலே பாணம் கிடையாது. நந்தி, கொடிமரமும் இல்லை. புழுங்கல் அரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் நிவேதனம்.

ராத்திரி எங்கே?

இதுதான் சிக்கல். "கடல் ஓரமா நிறுத்தி, காத்தாடப் படுப்போங்க" என்கிறார் மனைவி. ஆசை நல்லதுதான். ஆனால் இது இலங்கைக்கு எதிர்க்கரை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் கண்காணிப்பு கூடியிருக்கிறது. நள்ளிரவில் இருட்டில் ஒரு வேன் நின்றால் போலீஸ் டார்ச் அடிக்கத்தான் செய்யும். ஊர்க்காரர்களும் சும்மா விட மாட்டார்கள்.

அதனால் பொழுது சாயும் முன்பே இடம் பார்த்து விட வேண்டும். பெட்ரோல் பங்க் மேனேஜரிடம் கேட்டு, வெளிச்சத்தில் ஒரு ஓரமாக நிறுத்தலாம். கோவில், தர்கா வாசலில் இடம் இருந்தால் அங்குள்ள பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. அருகில் உள்ள போலீஸ் நிலையத்தில் வண்டி நம்பரைச் சொல்லி விட்டால் கவலை இல்லை. அவசரத்துக்கு 112.

காலைக்கடனுக்கும் பங்க்தான் துணை. கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றையும் பங்குகள் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பெட்ரோல் போடாதவரும் கேட்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் வண்டியில் படுக்கிற யோசனையே வேண்டாம். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறக்கவில்லை.

சத்தமில்லாத எமன்

இப்போது வடகரைக்குத் திரும்புவோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், பிறகு அசதி. "அலைச்சல்தான்" என்று நினைத்துக் கண்ணை மூடுகிறவர் மறுபடி திறப்பதில்லை.

எனவே:

என்ஜினை ஓட விட்டு, ஏ.சி. போட்டுத் தூங்கக்கூடாது.

ஜெனரேட்டர் வைத்த வாடகை வண்டியானால், படுக்கும் முன் அதை அணைத்தே ஆக வேண்டும்.

அடுப்பு, கரிச்சட்டி எதுவானாலும் வண்டிக்கு வெளியே. சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூட வேண்டும்.

இரண்டு பக்க ஜன்னலும் இரண்டு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். கொசுவா? வலை கட்டுங்கள். மூடிய வண்டிக்குள் கொசுவர்த்தி வேண்டாம்.

தலை வலித்தால் மாத்திரை தேடாதீர்கள். முதலில் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். பக்கத்தில் படுத்திருப்பவரையும் எழுப்பி இழுத்து வாருங்கள்.

குதிரை வாங்க வந்தவர்

ஆவுடையார்கோவிலுக்குப் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு இந்தப் பக்கம் வந்த மந்திரி மாணிக்கவாசகர், குதிரையை மறந்து, இங்கேயே நின்று கோவில் கட்டினார் என்பது புராணம்.

அவர் அளவுக்கு நிற்க வேண்டாம். ஒரு ராத்திரி நின்றால் டீக்கடைக்காரருக்கு இரண்டு டீ, மீன்காரப் பெண்ணுக்கு ஒரு கிலோ நண்டு வியாபாரம். முப்பது வருஷத்துக் கேள்விக்குப் பதிலாக, மனைவிக்குக் கடலுக்கு மேலே ஒரு சூரிய உதயம்.

அதைப் பார்க்க இரண்டு பேரும் காலையில் கண் விழிக்க வேண்டும். படுக்கும் முன் ஜன்னலை ஒரு தடவை பார்த்து விடுங்கள்!