பள்ளிக்கூடமும் கைபேசியும்

நெசவாளன் கைக்கு அடங்கி ஓடும்வரை நாடா துணியை வளர்க்கும்; தன் போக்கில் பாய்ந்தாலோ பாவை அறுக்கும். கைபேசியும் அத்தகையதொரு கருவியே. அதனை உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குள் விடலாமா, கூடாதா என்னும் விவாதம் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. நெசவாளர், உழவர் ஆகிய நம் அங்கத்தினர்களின் மக்களும் இவ்வகுப்புகளிலேயே பயில்கின்றனராதலால், இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்தல் நம் கடமையாகும்.

பிரான்ஸ் தேசம் 2018ஆம் ஆண்டில் சட்டமியற்றி, தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மாணவர் கைபேசியை உபயோகிப்பதைத் தடுத்தது. எனினும் கற்பித்தலுக்கான உபயோகத்துக்கு விலக்கு அளித்தது. கற்றலுக்கு உண்மையில் துணைபுரியும் இடத்திலேயே இக்கருவிகளுக்கு இடந்தர வேண்டும் என்று யுனெஸ்கோ ஸ்தாபனமும் தன் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் வற்புறுத்தியது. ஆகவே, கருவி வேண்டுமா என்பதினும், எந்த வேலைக்கு, எவர் கையில் என்பதே முதன்மையான வினாவாகும்.

தமிழ்நாட்டில் 2018–19ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களில் கட்டங்கட்டமான ‘க்யூ.ஆர்.’ குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைபேசியை அவற்றின்மீது காட்டினால் பாடத்தை விளக்கும் படக்காட்சி திரையில் தோன்றும். இக்குறியீடு 1994ஆம் ஆண்டில் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தாரால் மோட்டார் வாகன உறுப்புகளைக் கணக்கிடுவதற்கென அமைக்கப்பட்டது. காப்புரிமை பெற்றிருந்தும் அவர்கள் அதனை வலியுறுத்தவில்லை. எவரும் உபயோகிக்க விட்டனர். அதனாலன்றோ அது நம் பிள்ளைகளின் புத்தகம்வரை வந்தது! பொதுவில் வைத்த பொருள் பெருகும் என்பது கூட்டுறவாளர்க்குப் புதிதன்று.

இணையத் தொடர்பில்லாத வகுப்பிலும் கைபேசி சோதனைக் கருவியாகும். ஜெர்மனியின் ஆக்கென் நகரத்துத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையார் 2016ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்னும் செயலியில், ஓர் ஒலி கேட்டதும் ஓடத் தொடங்கி, மறு ஒலி கேட்டதும் நின்றுவிடும் கடிகை உண்டு. இரு ஆசிரியர்களின் கைபேசிகளில் அதனை இயக்கி, 5 மீட்டர் இடைவெளியில் வைத்தல் வேண்டும். முதலாவதன் அருகே ஒரு மாணவரும், பின்னர் இரண்டாவதன் அருகே ஒரு மாணவியும் கைதட்டினால், இரண்டும் காட்டும் நேரங்கள் சற்றே வேறுபடும். அவ்வேறுபாடு ஒலி 10 மீட்டர் செல்ல எடுக்கும் நேரமாகும். அது ஏறத்தாழ 0.029 நொடி. பத்தை அதனால் வகுத்தால், ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் எனக் கிடைக்கும். மனப்பாடம் செய்த எண்ணைத் தாமே அளந்து காணும் மாணவர் அதனை எளிதில் மறவார்.

வகுப்பு முழுவதற்கும் ஒரே கைபேசி போதுமான முறையும் உண்டு. ‘பிளிக்கர்ஸ்’ என்னும் அம்முறையில் மாணவர் கையில் இருப்பது வெறும் காகித அட்டையே. தாம் சரியெனக் கருதும் விடைக்குரிய பக்கம் மேலே நிற்குமாறு அதனைத் தூக்கிப் பிடிப்பர். ஆசிரியர் தம் கைபேசியை வகுப்பை நோக்கித் திருப்பினால் ஒவ்வொருவர் விடையும் பதிவாகும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வெவ்வேறாதலின் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து விடையளித்தல் எளிதன்று. வாய் திறக்கக் கூசும் பிள்ளையின் ஐயமும் ஆசிரியர்க்குத் தெரியவரும்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுள்ளோரிடையே எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டு ‘அசர்’ ஆய்வின்படி, திறன்பேசியை இயக்க அறிந்தோருள் முந்திய வாரத்தில் படிப்புக்காக அதனை உபயோகித்தோர் 57 சதவீதம். சமூக ஊடகங்களுக்காக உபயோகித்தோரோ 76 சதவீதம். மற்றொரு செய்தி இன்னும் கவலைக்குரியது. 2023ஆம் ஆண்டு ஆய்வில், திறன்பேசியை இயக்க அறிந்த 14 முதல் 18 வயதினருள் சொந்தமாக ஒன்றை உடைய ஆண்பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதமே. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைபேசியே வகுப்பறையாயிற்று. அத்தகைய காலத்தில் கருவி கைக்கு எட்டாத மகளுக்குப் பள்ளியே எட்டாததாகும். பாவு சுற்றவும் களை பறிக்கவும் தோள் கொடுப்பவள் படிப்பில் மட்டும் பின்னே நிற்பது நியாயமாகுமா?

ஆதலின் அங்கத்தினர்க்கு மூன்று யோசனைகளைக் கூறுகின்றோம். முதலாவது, வீட்டில் ஒரே கைபேசி இருப்பின், படிப்புக்கான நேரத்தை மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பங்கிடுக. இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாது சென்று, கைபேசி எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு நேரம், எவர் பொறுப்பில் உபயோகிக்கப்படுகின்றது என்று கேட்டறிக. மூன்றாவது, சங்கத்தின் துணைவிதிகள் இடந்தருமாயின், பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து, பேசும் இணைப்பில்லாத சில கைபேசிகளை உள்ளூர்ப் பள்ளிக்கு வாங்கியளிக்கலாம். அவை ஆசிரியர் பொறுப்பில் அலமாரியில் இருக்கட்டும். பாடவேளையில் மட்டும் வெளிவரட்டும்.

தனியொரு குடும்பம் வாங்க இயலாததைப் பலர் சேர்ந்து வாங்குவதற்கே சங்கம் கண்டோம். நூலுக்கும் விதைக்கும் உதவிய அம்முறை நம் மக்களின் கல்விக்கும் உதவட்டும். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை விவாதத்துக்குக் கொணர்வார்களாக.