ஏலியன்: ஐசோலேஷன் - பயமுறுத்துவதில் கில்லி, முடிப்பதில் சொதப்பல்... போனில் 11 ஜிபி ஒதுக்கலாமா?

பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயக்குடி என்றதும் கொய்யாதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே மலையடிவாரத் தோப்புகளில் ராத்திரி காவல் இருப்பவர்களைக் கேட்டால் கொய்யாவோடு சேர்த்து யானைக் கதையும் சொல்வார்கள். பழனி மலைக்காட்டிலிருந்து யானை இறங்கிவிட்டது என்பது முதலில் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். எங்கேயோ கிளை முறியும். அப்புறம் அமைதி. டார்ச் அடிக்கலாமா, வேண்டாமா? அடித்தால் அது எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரியும், நாம் எங்கே நிற்கிறோம் என்று அதற்கும் தெரிந்துவிடும். வெடி போட்டால் முதல் சில நாள் ஓடும். பழகிய பிறகு, 'இவ்வளவுதானா?' என்பது போல நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பும்.

கிட்டத்தட்ட இதே நிலைமையை வீடியோ கேமாகச் செய்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கேம் இருக்கிறது. பெயர் 'ஏலியன்: ஐசோலேஷன்'. தோப்புக்குப் பதிலாக விண்வெளி நிலையம், யானைக்குப் பதிலாக வேற்றுக்கிரக வேட்டை மிருகம். வெளியாகி பத்து வருஷம் தாண்டியும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹாரர் கேம் என்று பேச்சு வந்தால் இதன் பெயர் வராமல் இருக்காது. நம் போனிலேயே ஓடும் என்பதால், வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

முதலில் கதை என்னவென்று பார்த்துவிடலாம். ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' படம் 1979-ல் வந்தது. அதில் தப்பிக்கும் எலன் ரிப்ளியின் மகள் அமாண்டாதான் இந்த கேமின் ஹீரோயின். படத்தின் சம்பவங்கள் நடந்து 15 வருஷம் கழித்து, காணாமல்போன அம்மாவைப் பற்றிய தகவல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 'செவாஸ்டோபோல்' என்ற விண்வெளி நிலையத்துக்குப் போகிறாள். போனால் அங்கே பாதி விளக்கு எரியவில்லை. மிச்சம் இருக்கும் மனிதர்கள் துப்பாக்கியை நீட்டுகிறார்கள். ஏசி குழாய்க்குள் ஏதோ ஓடுகிறது.

உருவாக்கியது இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி, வெளியிட்டது சேகா. 2014 அக்டோபர் 7-ல் ரிலீஸ். அதுவரை 'டோட்டல் வார்' மாதிரி ராஜா, படை, போர் என்று கேம் செய்துகொண்டிருந்த நிறுவனம் இது. ஹாரர் இவர்களுக்குப் புதுசு. போதாக்குறைக்கு அதற்கு முந்தைய வருஷம்தான் வேறொரு நிறுவனம் செய்து சேகா வெளியிட்ட 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' வந்து ரசிகர்களிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதில் ஏலியன்கள் ஏன் அவ்வளவு மக்காக நடந்துகொண்டன என்பதற்கு ஒரு காரணம் பல வருஷம் கழித்து வெளியே வந்தது. கேமின் ஒரு ஃபைலில் 'டெதர்' என்ற ஆங்கில வார்த்தையில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. ஒரே ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்! அதைத் திருத்தியதும் ஏலியன்கள் கொஞ்சம் உஷாராகிவிட்டன.

ஐசோலேஷனில் கதை தலைகீழ். பெரும்பாலான நேரம் ஒரே ஒரு ஏலியன்தான். அதைக் கொல்லவும் முடியாது. ரிவால்வர் கிடைக்கும், ஷாட்கன் கிடைக்கும், எதுவும் வேலைக்கு ஆகாது. சுட்டால் சத்தம் கேட்டு நேராக உங்களிடமே வரும். 'சர்வைவல் ஹாரர்' என்ற பெயரைப் பிரபலமாக்கியது 1996-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்'. குறைவான தோட்டா, நிறைய பயம் என்பதுதான் அந்த வகையின் ஃபார்முலா. ஐசோலேஷன் அதிலும் ஒரு படி மேலே போய், ஒளிந்துகொள்வதையே விளையாட்டாக மாற்றிவிட்டது. லாக்கருக்குள், மேஜைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே. ஏலியன் லாக்கர் அருகே வந்து மோப்பம் பிடிக்கும்போது பின்னால் சாய்ந்து மூச்சை அடக்க வேண்டும். அடக்க வேண்டியது அமாண்டாதான், ஆனால் விளையாடுபவரும் சேர்ந்தே அடக்கிக்கொள்வார்!

அது எப்படி நம்மைக் கண்டுபிடிக்கிறது?

இந்த கேமின் உண்மையான கெத்து இங்கேதான். பல கேம்களில் எதிரி ஒரே பாதையில் போய்த் திரும்பி வரும். இரண்டு முறை பார்த்தால் டைமிங் பிடிபட்டுவிடும். இங்கே ஏலியனை இரண்டு மூளைகள் இயக்குகின்றன. ஒன்று, ஏலியனின் சொந்த மூளை. அதற்குக் கண்ணும் காதும் மட்டும்தான் உண்டு. நீங்கள் இருக்கும் இடம் தானாகத் தெரியாது. இன்னொன்று, பின்னால் உட்கார்ந்திருக்கும் 'டைரக்டர்'. அதற்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும். ஆனால் காட்டிக்கொடுக்காது. 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று ஏலியனுக்குக் குத்துமதிப்பாக ஒரு துப்பு கொடுக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை ஏலியன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் டென்ஷன் ஒரு அளவைத் தாண்டிவிட்டது என்று டைரக்டர் கணக்குப் போட்டால், ஏலியனைத் திரும்பக் குழாய்க்குள் அனுப்பி உங்களுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுக்கும்.

ஏலியன் கற்றுக்கொள்ளவும் செய்யும். தீப்பிழம்பு கக்கும் ஃபிளேம்த்ரோயர் கையில் கிடைத்ததும் நிம்மதியாக இருக்கும். நெருப்பைக் கண்டால் ஓடிவிடும். ஆனால் அடிக்கடி காட்டினால் பழகிவிடும். அப்புறம் சட்டென்று ஓடாது, தயங்கி நிற்கும், சமயத்தில் பாய்ந்தும் விடும். ஆயக்குடி வெடிக் கதைதான்.

சத்தத்துக்கு மட்டும் தனி கட்டுரையே எழுதலாம். கையில் இருக்கும் மோஷன் டிராக்கர், அசைவு இருந்தால் 'பீப்' அடிக்கும். ஆனால் ஏலியன் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் அந்த பீப்பே அதற்குக் கேட்டுவிடும். மேலே குழாய் வாயிலிருந்து எச்சில் சொட்டினால் அதற்குக் கீழே நடக்கவே கூடாது. 2015-ல் பாஃப்டா கேம்ஸ் விருதுகளில் ஆடியோ சாதனைக்கான விருது இதற்குத்தான் போனது. எக்ஸ்பாக்ஸ் ஒன், பிளேஸ்டேஷன் 4 இரண்டிலும் இன்னொரு கொடுமை: அவற்றின் கேமரா மைக்கை ஆன் செய்தால், உங்கள் அறையில் எழும் சத்தமும் ஏலியனுக்குக் கேட்கும். சமையலறையிலிருந்து அம்மா 'சாப்பிட வாடா' என்று கூப்பிட்டால் கதை முடிந்தது!

பார்ப்பதற்கும் 1979 படம் போலவே இருக்கும். தொடுதிரை, ஹோலோகிராம் எதுவும் கிடையாது. பச்சை எழுத்து மின்னும் குண்டு டிவிக்கள்தான். அந்தத் திரைக் காட்சிகளை உண்மையிலேயே பழைய விஎச்எஸ் டேப்பில் பதிவு செய்து, கோளாறு வரவைத்து, மறுபடி கேமில் சேர்த்தார்கள்.

அப்படியானால் பிரச்சனை எங்கே?

பிரச்சனையும் அதே ஏலியன்தான். எப்போது வரும் என்று தெரியாததுதான் அதன் பலம். ஆனால் இந்த கேமில் ஆட்டோசேவ் கிட்டத்தட்ட கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் அவசர போன் மாதிரியான சேவ் ஸ்டேஷனைத் தேடிப் போய், அட்டையைச் செருகி, சில நொடி காத்திருக்க வேண்டும். அந்தச் சில நொடியிலேயே செத்தவர்கள் ஏராளம். நீங்கள் தப்பே செய்யாமல், அரைமணி நேரம் தவழ்ந்து போய், கடைசி வளைவில் ஏலியன் குறுக்கே வந்தால் அந்த அரைமணி நேரமும் போச்சு. முதல் முறை திகில். ஐந்தாவது முறை வெறும் கடுப்பு. சாவு வழக்கமாகிவிட்டால் ஏலியன் பயமுறுத்துவதை நிறுத்திவிட்டு ட்ராஃபிக் சிக்னல் மாதிரி ஆகிவிடுகிறது. ஐந்தாவது மிஷனில் வரும் மருத்துவமனைப் பகுதியில் நிறைய பேர் விளையாட்டையே மூட்டை கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, நீளம். மொத்தம் 18 மிஷன், முடிக்க சுமார் 18 முதல் 20 மணி நேரம். (இனி சின்ன ஸ்பாய்லர்.) பத்தாவது மிஷனில் ஒரு அட்டகாசமான காட்சி வரும். அதோடு கதை முடிந்தது என்றே தோன்றும். முடிந்திருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும்! ஆனால் அதற்கப்புறம் ஆண்ட்ராய்டு ரோபோக்கள், ரியாக்டர், விண்வெளி நடை என்று இழுத்துக்கொண்டே போகும். ரப்பர் முகத்தோடு மரியாதையாகப் பேசிக்கொண்டே கழுத்தை நெரிக்கும் அந்த 'வொர்க்கிங் ஜோ' ரோபோக்கள் முதலில் கிலி கொடுக்கும், அப்புறம் அலுக்கும். மனிதக் கதாபாத்திரங்களின் முகபாவம் அன்றைக்கே மரக்கட்டை ரகம்தான். கிளைமேக்ஸோ, கரன்ட் போன மாதிரி பட்டென்று நின்றுவிடுகிறது.

விமர்சகர்களும் இதே இடத்தில்தான் பிரிந்தார்கள். பிசி கேமர் பத்திரிகை 100-க்கு 93 கொடுத்தது. ஐஜிஎன் 10-க்கு 5.9 போட்டது. இரண்டு பேரும் ஒரே கேமைத்தான் விளையாடினார்கள், குறை நிறை என்று சொன்னதும் கிட்டத்தட்ட அதே விஷயங்களைத்தான். ஒருவருக்கு அந்தத் தவிப்பு பிடித்தது, இன்னொருவருக்குப் பொறுமை போய்விட்டது. 2015 மார்ச் வரை 21 லட்சம் பிரதிகள் விற்றும், அடுத்த பாகம் வேலையில் இருப்பதாக அறிவிப்பு வர ரிலீஸின் பத்தாம் ஆண்டு நிறைவான 2024 அக்டோபர் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, போன் விஷயத்துக்கு வருவோம். ஃபெரல் இன்டராக்டிவ் நிறுவனம் 2021 டிசம்பர் 16-ல் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் கொண்டுவந்தது. கூடுதல் எபிசோட்கள் எல்லாம் சேர்த்தே கிடைக்கும். விளம்பரம் வராது, ஒரு தடவை காசு கொடுத்தால் போதும். ஆனால் போனில் சுமார் 11 ஜிபி காலியாக இருக்க வேண்டும், இன்ஸ்டால் ஆகும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. எல்லா போனிலும் ஓடாது. வாங்குவதற்கு முன் சப்போர்ட் ஆகும் மாடல் பட்டியலில் உங்கள் போன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தொடுதிரையில் விளையாடலாம். ஆனால் பதற்றத்தில் கட்டைவிரல் வழுக்கும், கன்ட்ரோலர் இருந்தால் மாட்டிக்கொள்வது உத்தமம்.

தினமும் பஸ்ஸில் பத்து நிமிஷம் விளையாட என்றால் இது செட் ஆகாது. அடுத்த சேவ் ஸ்டேஷன் வருவதற்குள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஹெட்போன், லைட் ஆஃப், ஒரு மணி நேரம் ஃப்ரீ என்றால் தாராளமாக வாங்கலாம். 'ஹார்டு' மோடில்தான் விளையாட வேண்டும் என்று ரசிகர்கள் உசுப்பேத்துவார்கள். முதல் தடவை அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 'ஈஸி'யிலோ 'மீடிய'த்திலோ ஆரம்பியுங்கள். மருத்துவமனையைத் தாண்டிவிட்டால் பத்தாவது மிஷன் வரைக்கும் நிறுத்த மனசு வராது.