விழிக்குள் ஓர் எலும்பு

நம் கண்கள் எலும்பாலான குழிக்குள் பாதுகாப்பாக அமைந்துள்ளன. ஆனால், விழிக்குள் எலும்பு இல்லை. எனினும், மிக அரிதாகச் சிலருக்கு விழிக்குள்ளேயே எலும்பு வளர்வதுண்டு.

விழியின் உட்புறத்தில் ஒளியை உணரும் விழித்திரை உள்ளது. அதற்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதற்குக் கோராய்டு என்று பெயர். விழித்திரைக்குத் தேவையான உயிர்வளியையும் சத்துகளையும் அது வழங்குகிறது. அப்படலத்தில் உருவாகும் எலும்புக் கட்டியே கோராய்டு ஆஸ்டியோமா எனப்படும். 1978ஆம் ஆண்டில் டொனால்ட் காஸ் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்நோயை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். இது பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, ஒரு கண்ணில் மட்டும் ஏற்படுகிறது. இதற்கான காரணம் இன்னும் தெளிவாக அறியப்படவில்லை.

கட்டி என்றதும் பலர் புற்றுநோயை எண்ணி அஞ்சுவர். இது புற்றுநோய் அன்று. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாது. மெதுவாகவே வளரும். ஆயினும், இதனால் பார்வை பாதிக்கப்படலாம். கட்டியிலுள்ள சுண்ணாம்புச்சத்து நாளடைவில் குறையும்போது, அதன் மேலுள்ள விழித்திரை மெலிந்து நலிவடைகிறது. சிலருக்குக் கட்டியின் அருகே புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. வலுவற்ற அக்குழாய்களிலிருந்து நீரோ இரத்தமோ கசிந்தால், பார்வை மங்கும். நேர்க்கோடுகளும் வளைந்து தெரியும்.

கண் மருத்துவர் விழியின் உட்புறத்தைச் சோதிக்கும்போது, இக்கட்டி மஞ்சள் கலந்த வெண்ணிறத்திலோ செம்மஞ்சள் நிறத்திலோ தென்படும். எலும்பு ஒலியலைகளை வலுவாக எதிரொலிக்கும். ஆகவே, ஸ்கேன் எடுத்தால் கட்டி பளிச்சென்றும் அதன் பின்பகுதி நிழலாகவும் தெரியும்.

இந்த எலும்பைப் பொதுவாக அறுவை சிகிச்சையால் அகற்றுவதில்லை. பாதிப்பு இல்லாதவர்களுக்குத் தொடர் பரிசோதனையே போதுமானது. புதிய இரத்தக் குழாய்கள் கசிந்தால், அதைக் கட்டுப்படுத்தும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசிமூலம் செலுத்துவர்.

ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடுசெய்துவிடுவதால், பலர் அதை உணர்வதே இல்லை. எனவே, அவ்வப்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கட்டமிட்ட தாளைப் பார்ப்பது நல்லது. கோடுகள் வளைந்து தெரிந்தால், தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும். உயிருக்குத் தீங்கற்ற கட்டி என்பதற்காகப் பார்வையை இழக்கும்வரை காத்திருத்தல் கூடாது.