மழைக்காலப் புல், கோடைகாலப் பால்

வடபுலத்தில் வாழும் தமிழர்களுள் பெரும்பாலோர் ஜான்ஸியை ஒரு ரயில் நிலையமாகவே அறிவர். சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ஓடும் வண்டிகள் பலவும் அங்கே நின்று செல்கின்றன. ஆகஸ்டு மாதத்தில் அவ்வழியே பயணம் செய்வோர், இருப்புப்பாதையின் இரு மருங்கிலும் முழங்காலுக்கு மேல் வளர்ந்த புல்லைக் காண்பர். அதே வழியில் மே மாதத்தில் திரும்புவோர் காண்பது வேறு காட்சி. பாறையும் புழுதியுமான வெளியில், விலா எலும்பு தெரியும் பசுக்கள் காய்ந்த தூறுகளை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கும். மழையில் மிஞ்சிய புல் கோடைக்கு வந்து சேராதது ஏன்? சேர்ப்பதற்கு வழி உண்டா? இவ்விரு வினாக்களையும் இப்பேச்சில் ஆராய்வோம்.

ஜான்ஸியைச் சூழ்ந்த புந்தேல்கண்டு நாட்டில் ஆண்டு மழையின் மிகப் பெரும்பகுதி ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரையுள்ள காலத்திலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் மாட்டுக்குத் தீனி தேடுவதே குடியானவனுக்குப் பெரும்பாடு. 'அன்னா பிரதா' என்றொரு வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. குளிர்கால வெள்ளாமை அறுவடையானதும், தீனி போட இயலாதவர்கள் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவர். மழை கண்டதும் மீண்டும் பிடித்துக் கட்டுவர். இக்காலத்திலோ பால் வற்றிய பசுக்களும், டிராக்டர் வந்தபின் வேலையற்றுப்போன காளைகளும் மழைக்குப் பின்னும் கட்டப்படுவதில்லை. அவை விதைத்த வயலில் புகுந்து மேய்கின்றன. உழவர் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காக்கின்றனர். இந்நிலைக்குத் தீவனப் பற்றாக்குறை ஒன்றே காரணம் அன்று. எனினும் தலையாய காரணங்களுள் அதுவும் ஒன்று. இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் 1962-ஆம் ஆண்டில் இந்த ஜான்ஸியிலேயே நிறுவப்பட்டது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

புல்லை அறுத்து வெயிலில் உலர்த்திப் போராகப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதும், வெயில் இருந்தால். புல் பூக்கத் தொடங்கும் தறுவாயில்தான் அதில் சத்து மிகுதி. அத்தறுவாய் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், மழை நடுவில் வருகிறது. அப்போது அறுத்துப் பரப்பினால் உலர்வதற்கு முன் அழுகிவிடும். மழை ஓயட்டும் என்று அக்டோபர் வரை காத்திருந்தால், தண்டு தடித்து, விதை கொட்டி, புரதம் பாதிக்கும் கீழாகக் குறைந்து, புல் வெறும் வைக்கோலாகிவிடும். வெயில் உள்ள நாளில் சத்து இல்லை. சத்து உள்ள நாளில் வெயில் இல்லை. இந்த முரண்பாட்டிற்கு விடையாக அமைந்ததே புல்லை ஊறவைத்துக் காக்கும் முறை. சைலேஜ் என வழங்கும் அதனை நம்மவர் 'ஊறுகாய்ப் புல்' என்பர். இந்தி பேசுவோரும் 'ஹரே சாரே கா அசார்', அஃதாவது பசுந்தீவன ஊறுகாய் என்றே சொல்வது வியப்பிற்குரியது. ஒருவரை ஒருவர் கேளாமலே இரு மொழியினரும் ஒரே உவமையைக் கண்டுகொண்டனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பொருள் பற்றிய குறிப்புகளில் ஒரு சொல் பெரிதும் தயக்கம் தந்தது. அறுத்த புல்லை உடனே குழியில் இடாமல் சற்று நேரம் நிலத்தில் கிடக்கவிட வேண்டும் என்பது விதி. அதனை 'உலர்த்துக' என்று எழுதினால் பொருள் கெடும். 'வாட்டுக' என்றே எழுதவேண்டும். உலர்ந்த புல் முறியும். வாடிய புல் துவளும். புதிதாக அறுத்த புல்லில் 100 பங்கில் 80 பங்கு நீர் இருக்கும். அதனை 65 முதல் 70 பங்கு வரை இறக்கினால் போதும். உலர்த்துவதற்குப் பல நாள் வெயில் வேண்டும். வாட்டுவதற்கு ஒரு பகற்பொழுது போதும். மாறிமாறி வரும் மழைக்கிடையே இம்முறை பயன்படுவதன் இரகசியம் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

குழிக்குள் நிகழ்வது என்ன? இட்லிக்கு அரைத்த மாவு ஓரிரவில் புளிப்பதை நம் வீட்டார் அனைவரும் அறிவர். புல்லின்மேல் இயற்கையாகவே வாழும் சில நுண்ணுயிர்கள், காற்றில்லாத இடத்தில், புல்லிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏறஏற, அழுகச் செய்யும் மற்றக் கிருமிகள் செயலற்றுப் போகின்றன. புளிப்பின் அளவைக் குறிக்கும் பி.எச். எண் 4.2 அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டால், காற்றுப் புகாத வரையில் புல் மாதக்கணக்கில் கெடாது. காற்று இருந்தாலோ, அறுபட்ட புல் தொடர்ந்து மூச்சுவிட்டுத் தன் சர்க்கரையைத் தானே எரித்துவிடும், உஷ்ணம் மிகும், பூசணம் பூக்கும். நீர் மிகுந்தாலும் சேறு கலந்தாலும் கிளாஸ்டிரிடியம் என்னும் வேறொரு கிருமி தலையெடுத்து, லாக்டிக் அமிலத்தையே தின்று, துர்நாற்றம் வீசும் பியூட்ரிக் அமிலமாக மாற்றிவிடும். ஆகவே காற்று, மிகை நீர், சேறு ஆகிய மூன்றும் இத்தொழிலின் பகைவர்கள்.

இம்முறை மேனாட்டில் பரவியதற்கு, பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த ஓகுஸ்த் கோஃபார் 1877-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பெருந்துணையாயிற்று. அவர் கையாண்டது மக்காச்சோளம். வெயில் குறைந்து ஈரம் மிகுந்த பின்லாந்திலோ புல்லும் தீவன அவரையினங்களுமே கிடைத்தன. அந்நாட்டு இரசாயன அறிஞர் வீர்த்தானென், ஈரப் புல்லின்மேல் அமிலத்தைத் தெளித்து, புளிப்பைத் தொடக்கத்திலேயே ஏற்றிவிடும் முறையைக் கண்டார். தீவனத்தைக் காக்கும் இவ்வாராய்ச்சியைச் சிறப்பாகக் குறித்தே அவருக்கு 1945-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாட்டுத் தீனியைப் பற்றிய ஆராய்ச்சி உலகப் பரிசு பெறத்தக்கதோ என்று ஐயுறுவோர், மே மாதத்துப் புந்தேல்கண்டை ஒருமுறை கண்டால் ஐயம் தெளிவர்.

ஜான்ஸிக்கு அருகே ஒரு சிற்றூரில், நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கும் உழவர் ஒருவரின் தொழுவத்தை நாம் கண்டோம். முதல் ஆண்டில் அவர் பட்ட நட்டம் பாடமாகக் கொள்ளத்தக்கது. ஆகஸ்டில் வானம் வெளிவாங்கியதைக் கண்டு, நிலத்திலிருந்த கினியாப் புல் முழுவதையும் ஒரே நாளில் அறுத்துக் கிடத்தினார். மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள், சேறும் நீருமாகக் கிடந்த புல்லை அப்படியே பெருங்குழியில் தள்ளி மூடினார். ஏப்ரலில் திறந்தபோது கரிய சேற்றைப் போன்றதொரு பொருளே எஞ்சியிருந்தது. மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவ்வாண்டு கோதுமைப் பூஸா வாங்குவதற்காகக் கறவை எருமை ஒன்றை விற்க நேர்ந்தது. "வானத்தைப் பார்த்து அறுத்தேன், குழியைப் பார்த்து அறுத்திருக்க வேண்டும்" என்று அவர் நம்மிடம் கூறிய சொல், நாம் படித்த பல ஏடுகளைவிடத் தெளிவாக இருந்தது.

குழியைப் பார்த்து அறுப்பதென்றால் என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ வீதம் நான்கு மாடுகளுக்கு 60 கிலோ வேண்டும். கோடையின் 90 நாட்களுக்கு 5,400 கிலோ ஆகிறது. நன்றாக மிதித்து அடைத்த ஒரு கன மீட்டர் குழியில் ஏறத்தாழ 500 கிலோ அடங்கும். ஆகவே 1.2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள குழியாயின் 9 மீட்டர் நீளம் தேவை. ஒரு குடும்பத்தார் இதனை ஒரே நாளில் நிரப்ப இயலாது. இரண்டு மூன்று நாள் திறந்து கிடந்தால் மழை புகுந்துவிடும். அதனால், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளமுள்ள மூன்று குழிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் 1,800 கிலோ. ஒரு மாதத் தீனி. சிறிது சேதாரத்திற்கும் இடம்விட்டு, இரண்டு டன்னுக்குச் சற்று மேற்பட்ட புல்லை ஒரு தடவைக்கு அறுத்தால் போதும். ஒரு குழி மழையால் கெட்டாலும் மற்ற இரண்டும் எஞ்சும். மேற்குறித்த உழவர் அடுத்த ஆண்டில் செய்ததும் இதுவே.

அறுக்கும் நாளைத் தேர்வதில் வானிலை அறிக்கை பெருந்துணை செய்யும். பருவமழைக் காலத்திலும் மழை நாள்தோறும் ஒரே சீராகப் பெய்வதில்லை. மழை தரும் தாழ்வழுத்தப் பகுதி சிற்சில வேளைகளில் இமயமலை அடிவாரத்திற்கு நகர்ந்துவிடுகிறது. அந்நாட்களில் நடு இந்தியாவில் மழை ஓய்ந்து வெயில் காயும். இந்திய வானிலைத் துறை உழவர்க்கென ஐந்து நாள் முன்னறிவிப்பை வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், வெளியிடுகிறது. இரண்டு நாள் மழையில்லை என்ற செய்தி கிடைத்தால் ஒரு குழிக்கு அது போதும்.

காலைப் பனியும் மழைநீரும் வடிந்த பின்னரே அறுக்கவேண்டும். பகல் ஏறஏற இலையில் சர்க்கரையும் மிகுவதால் இது இருவகையில் நன்மை. தரையோடு ஒட்ட அறுக்காமல் அரை அடி விட்டு அறுத்தால் சேறு கலவாது. பரப்பிய புல்லை இரண்டொரு முறை புரட்டிவிட்டு, வாடியதும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்க வேண்டும். பதம் காண்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நறுக்கிய புல்லில் ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். நீர் சொட்டினால் ஈரம் அதிகம். உருண்டை உடனே உதிர்ந்தால் காய்ச்சல் அதிகம். மெல்ல மெல்ல விரிந்தால் அதுவே தக்க பதம்.

வாடுவதற்குள் மழை வந்துவிட்டால் என் செய்வது? சிறு தூறலாயின் காத்திருக்கலாம். அடைமழை என்று தெரிந்தால் காத்திருப்பது வீண்; சர்க்கரை நீரில் கரைந்து போய்விடும். ஈரத்தோடு எடுத்துவந்து, நறுக்கிய வைக்கோலையோ பூஸாவையோ 100 கிலோவுக்கு 5 முதல் 10 கிலோ வரை கலந்தால் அது மிகை நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெப்ப நாட்டுப் புல்லில் சர்க்கரை இயல்பாகவே குறைவு. ஆதலின் 100 கிலோவுக்கு 2 அல்லது 3 கிலோ மொலாசஸ் என்னும் சர்க்கரை ஆலைப் பாகைத் தெளிப்பது எந்நாளும் நன்று, மழை நாளில் இன்றியமையாதது.

குழி மேட்டுப் பாங்கான இடத்தில், சுற்றிலும் நீர் வடியும் வாய்க்காலுடன் அமைய வேண்டும். கிணற்றுக்கோ ஓடைக்கோ அருகில் அமைக்கலாகாது. ஈரப் புல்லிலிருந்து கசியும் சாறு நீர்நிலையைப் பெரிதும் கெடுக்கும். பாறை நிலத்தில் குழி தோண்ட இயலாதவர்கள் தடித்த பாலித்தீன் பைகளில் அடைத்துக் கட்டலாம். எலி கடிக்காமல் காப்பது மட்டும் அவர் பொறுப்பு. அடியிலும் பக்கங்களிலும் பாலித்தீன் விரித்து, புல்லை ஒரு சாண் உயர அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நன்றாக மிதிக்க வேண்டும். மூலைகளில் காற்றுத் தங்கும். அங்கே இருமடங்கு மிதித்தல் வேண்டும். தரைமட்டத்திற்கு மேல் ஆமை முதுகுபோல் குவித்து, பாலித்தீனால் மூடி, மண்ணோ மணல் மூட்டைகளோ பாரமாக ஏற்றவேண்டும். பின்னர் விரிசல் விழுந்தால் உடனே அடைத்துவிட வேண்டும்.

ஏறக்குறைய 45 நாட்களில் புல் ஊறிவிடும்; அவசரமின்றேல் கோடை வரை திறவாதிருப்பதே சிறப்பு. பழுத்த பச்சை அல்லது மஞ்சள் கலந்த நிறமும், இனிய புளிப்பு மணமும் நல்ல பதனத்தின் அடையாளங்கள். ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள் அல்லவா? அவ்விதியே இங்கும். ஒரு முனையில் மட்டும் திறந்து, நாள்தோறும் 10 சென்டிமீட்டர் கனத்திற்குக் குறையாமல் மேலிருந்து கீழாக வெட்டியெடுத்து, உடனே மூடிவிட வேண்டும். குழியைக் குறுகலாக அமைக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்: 3 மீட்டர் குழி, நாளுக்கு 10 சென்டிமீட்டர் வீதம், சரியாக 30 நாட்களுக்கு வரும். பூசணம் கண்ட பகுதியை இரக்கமின்றி எறிந்துவிட வேண்டும். கெட்ட பதனத்தில் வளரும் லிஸ்டீரியா என்னும் கிருமியால் சினை மாடுகள் கன்று வீசுவதும் உண்டு. முதல் நாள் 5 கிலோவில் தொடங்கிச் சில நாட்களில் அளவை உயர்த்தலாம். பால் கறந்த பின்னரே இடுக. முன்னரே இட்டால் பாலில் அதன் மணம் ஏறும்.

ஊறவைப்பதனால் சத்து கூடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முற்றிய புல்லை இட்டால் முற்றிய புல்லே வெளிவரும். சிறிது சேதாரமும் உண்டு. இருந்த சத்தில் பெரும்பகுதியைக் காத்துத் தருவதே இம்முறையின் தொழில். அந்த அளவே ஒரு பசுவைத் தொழுவத்தில் நிறுத்தப் போதுமானது.

ஊரைவிட்டு வந்த நம்மில் பலருக்கு அங்கே அண்ணனோ தம்பியோ நான்கு மாடுகளை வைத்துக்கொண்டிருக்கின்றனர். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இன்று பலர் வயலில் வளர்கிறது. அங்கே மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும். கோடை பங்குனியிலேயே தொடங்கும். மற்றபடி தொல்லை ஒன்றே. அடுத்த முறை ஊருக்குக் கடிதம் எழுதும்போதோ தொலைபேசியில் பேசும்போதோ, மூன்று சிறு குழிகளின் கணக்கையும் ஒரு பிடிப் புல்லின் சோதனையையும் சொல்லிப் பாருங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றனர் நம் முன்னோர். வெயில் உள்ள ஒரு பகலில் ஒரு குழியை நிரப்பிக்கொள்வதும் அவ்வறிவுரையைச் சார்ந்ததே.