மேகாலயா: ஓர் இலைகூட வெளியே போகாது

காட்டை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரையும் சட்டைப் பைகளை உதறிப் பார்க்கச் சொல்கிறார் வழிகாட்டும் இளைஞர். சோதனைச்சாவடி இல்லை, காக்கிச் சட்டை இல்லை. ஆனாலும் கூட வந்த எட்டுப் பேரும் மறுபேச்சின்றி உதறுகிறார்கள்.

ஷில்லாங்கிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் கிழக்கு காஸி மலை மாவட்டத்தில் இருக்கிறது மாஃப்லாங். காஸி மொழியில் 'மா' என்றால் கல், 'ஃப்லாங்' என்றால் புல். பெயருக்கேற்ப ஊரைச் சுற்றிப் புல்வெளியும், செங்குத்தாக நட்ட கற்களும்தான். புல்வெளி கத்தரித்தாற்போல் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. நாலடி உள்ளே வைத்தால் வெயில் மறைந்துவிடுகிறது. ஓக், ரோடோடென்ட்ரான் மரங்கள். கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிட் செடிகளும். காலடியில் சருகு மெத்தை. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்குகிறது.

80 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான இந்தக் காடு லிங்டோ குலத்தாரின் பொறுப்பில் இருந்துவருகிறது. நம்மூர்க் கோயில் காடு போல இதற்கும் காவல் தெய்வம் உண்டு: லபாசா. தெய்வம் புலியாக வந்தால் நன்மை, பாம்பாக வந்தால் கேடு என்பது நம்பிக்கை. பலி கொடுத்த கற்கள் இன்னும் நிற்கின்றன. விதி ஒன்றுதான்: பூ, காய், சுள்ளி எதையும் வெளியே கொண்டு போகக் கூடாது.

விறகடுப்பை நம்பிய ஊரில் சுள்ளி பொறுக்காமல் இருப்பது லேசல்ல. காஸி மக்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். இளைஞரின் கழுத்திலும் சிலுவை தொங்குகிறது. பிறகு விதியை யார் காக்கிறார்கள்? மேகாலயாவில் காடுகளின் பெரும் பகுதிக்கு அரசு சொந்தக்காரர் அல்ல. குலங்களும் கிராமங்களும்தான். வெட்டுவதும் காப்பதும் அவர்கள் கையில். வெட்டியதும் உண்டு. விறகுக்கும் கரிக்கும் கல் குவாரிக்கும் இரையான சரிவுகள் இந்த மலைகளில் ஏராளம்.

அவற்றை மீட்க 2011-ல் ஒரு திட்டம் தொடங்கியது. மாஃப்லாங் உள்ளிட்ட 10 ஹிமாக்கள், அதாவது பாரம்பரியக் குறுநாடுகள், சுமார் 27,000 ஹெக்டேர் பரப்பில் கைகோத்தன. தீ பரவாமல் கோடு வெட்டினார்கள். அடிமரத்திலிருந்து தானாகத் துளிர்ப்பதை மேய்ச்சலிலிருந்து காத்தார்கள். விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்புகள் வந்தன. மரங்கள் சேமிக்கும் கார்பனை விற்று வரும் பணம் கிராமங்களுக்கு. தெய்வத்துக்குப் பயந்து காத்ததைப் பணத்துக்காகவும் காப்பார்களா என்று சந்தேகிக்கலாம். கார்பன் விலை இறங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது.

புல்வெளிக்கு வந்த பிறகு ஒருவரின் குடை மடிப்பிலிருந்து ஒரு சருகு விழுகிறது. இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எடுக்கிறார், இருபதடி திரும்பி நடக்கிறார், காட்டுக்குள் போட்டுவிட்டு வருகிறார்.